வாலட்டில் மாட்டிய 1,840 ரூபாயும் பச்சை எழுத்தில் வந்த ‘சேமிப்பு’ம்

இந்த வாரக் கடிதம் பெங்களூரு தாசரஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. பெயர், ஆப்களின் பெயர், கடையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எழுதியவருக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். கணவர் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக வீட்டில் ஐந்து பேர். மளிகை, காய்கறி, பால், சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாயைத் தாண்டுகிறது. செலவைக் குறைக்கத்தான் கூப்பன் பக்கம் வந்திருக்கிறார். ஃபோனில் நான்கு ஆப். புது வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடி திரும்பத் திரும்பக் கிடைக்கட்டும் என்று தன் நம்பர், கணவர் நம்பர், மாமியார் நம்பர், போதாததற்கு இதற்காகவே வாங்கிய ஒரு சிம் என்று நான்கு கணக்கு திறந்திருக்கிறார். போன மாதம் ஒரு ஆப் அதில் மூன்றை முடக்கிவிட்டது. மாமியார் கணக்கின் வாலட்டில் 1,840 ரூபாய் மாட்டிக்கொண்டது. கஸ்டமர் கேரில் பேசிய ஒருவர் “லீகல் ஆக்‌ஷன் எடுப்போம்” என்று சொல்லிவைக்க, அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. இதற்கு நடுவில் ஒரு டெலிகிராம் குழுவில் 2,000 ரூபாய் கிஃப்ட் கார்டு 1,500க்குக் கிடைக்கிறது என்று பணம் அனுப்ப, கார்டு வரவில்லை, ஆளும் பிளாக் செய்துவிட்டான். அதே குழுவில் தன்னிடம் மிஞ்சும் கூப்பன் கோடுகளை இவரும் விற்றுவந்திருக்கிறார். கணவரோ, “நீ சேமிக்கிறதா சொல்ற பணத்தைக் கொஞ்சம் கண்ணுல காட்டு” என்கிறார்.

கேட்டிருப்பது: வாலட் பணம் கிடைக்குமா? ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? என் மேல் போலீஸ் கேஸ் வருமா? மாமியாரின் ஊர் ரேஷன் கார்டில் இங்கே அரிசி வாங்கலாமா?

சகோதரி, முதலில் தூங்குங்கள். நீங்கள் பயப்படும் விஷயத்தில் பயப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. நீங்கள் சாதாரணமாக நினைத்து ஒரே வரியில் எழுதியிருக்கும் கூப்பன் விற்பனையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாலட்டில் எது உங்கள் பணம்

நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை வைத்து 1,840ஐப் பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் பாக்கெட் ஒழுகி வந்ததற்கும் ஒரு ஆர்டர் கேன்சல் ஆனதற்கும் திரும்ப வந்தது 760. நீங்களே யு.பி.ஐ.யில் போட்டது 500. மீதி 580 கேஷ்பேக். மூன்றும் ஒரே திரையில் ஒரே தொகையாகத் தெரிவதால் மொத்தமும் உங்கள் பணம் என்று நினைத்துவிட்டீர்கள். கேஷ்பேக் என்பது அவர்கள் நிபந்தனையோடு தரும் சலுகை. நிபந்தனை மீறப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று விதிமுறையில் எழுதிவைத்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்ற நிபந்தனையை நீங்கள் மீறியது உண்மைதானே. அந்த 580ஐ மறந்துவிடுங்கள். ஆனால் 1,260 அப்படியில்லை. கணக்கை மூட அவர்களுக்கு உரிமை இருக்கலாம், அதற்காக நீங்கள் போட்ட பணத்தையும் கெட்டுப்போன பொருளுக்குத் திரும்பி வந்த பணத்தையும் சேர்த்து விழுங்க முடியாது.

இதற்கு வழி சிக்கலானது இல்லை. ஆப்பில் ‘கிரீவன்ஸ் ஆபீசர்’ (குறைதீர்க்கும் அதிகாரி) என்று ஒரு பெயரும் மெயில் முகவரியும் இருந்தாக வேண்டும், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் வரும் ரோபோவிடம் மல்லுக்கட்டாமல் அந்த முகவரிக்கு எழுதுங்கள். 760க்கான ஆர்டர் எண்களையும் 500க்கான யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் போட்டு, இந்தத் தொகையை மட்டும் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோபமாக நாலு பக்கம் வேண்டாம், பத்து வரி போதும். மெயிலை மாமியார் பெயரில் அனுப்புங்கள், கணக்கு அவர் பெயரில் இருப்பதால் புகார்தாரரும் அவர்தான். கேஷ்பேக்கையும் சேர்த்துக் கேட்டால் பேச்சு முழுக்க நான்கு சிம் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அவர்கள் நீதிமன்றம் இல்லை, ஆனால் பல நிறுவனங்களோடு நேரடித் தொடர்பு இருப்பதால் இந்த அளவுப் பணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஒரு லட்சம் நஷ்டஈடு? வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன், வேண்டாம். 1,260 ரூபாய்க்கு ஒரு லட்சம் கேட்டால், அதிலும் நான்கு கணக்கு வைத்திருந்தவர் கேட்டால், ஆணையத்தில் முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

போலீஸ் வருமா?

ஒரே வீட்டில் அவரவர் சம்மதத்தோடு அவரவர் நம்பரில் கணக்கு திறந்து தள்ளுபடி வாங்கியது ஒப்பந்த மீறல். அதற்கு வழக்கமான தண்டனை கணக்கை முடக்குவது, அதை அவர்கள் செய்துவிட்டார்கள். அந்த ஊழியர் சொன்ன ‘லீகல் ஆக்‌ஷன்’ எழுத்தில் வந்திருக்கிறதா? வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் விடுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த நான்காவது சிம் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில் வாங்கியது என்றால் பிரச்சினை இல்லை. தெருவோரக் குடையின் கீழ் யாரோ “ஆக்டிவேட் பண்ணியே தரேன்” என்று கொடுத்தது என்றால் உடனே மூடிவிடுங்கள். ஆள்மாறாட்டத்தில் சிம் வாங்குவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நூறு ரூபாய் கூப்பனுக்கு இது தேவையா?

டெலிகிராம் குழு

1,500 ரூபாய் போனதற்கு 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இப்போதும் சொல்லலாம், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு செய்யலாம், வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். பணம் திரும்புவதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அப்புறம், “உங்க பணத்தை மீட்டுத் தரோம், ஃபீஸ் 300 கட்டுங்க” என்று யாராவது கூப்பிடுவார்கள். அவனும் அதே கூட்டம்தான்.

இனி நீங்கள் விற்ற பக்கம். முன்பின் தெரியாத ஆட்கள் உங்கள் யு.பி.ஐ.க்கு 50, 100 என்று அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவன் அனுப்பிய பணம் வேறு எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டு வரும் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கையும் நிறுத்திவைக்கச் சொல்லும். 50 ரூபாய்க்காக முழுக் கணக்கும் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். பிறகு வேறு மாநில சைபர் போலீசுக்கு மெயில் மேல் மெயில் போட்டு, நான் அப்பாவி என்று நிரூபித்து வெளியே வர வேண்டும். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது என்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள், ஆனால் குழுவை விட்டு வெளியேறும் முன் இதுவரை யார் அனுப்பினார்கள், எதற்கு என்ற சாட்டையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கிஃப்ட் கார்டு இப்படிக் குறைந்த விலைக்கு வருகிறது என்றால் அது திருட்டுக் கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம், எனவே ‘நம்பகமான விற்பனையாளர்’ என்று இன்னொருவரைத் தேடிப் போகவும் வேண்டாம்.

பச்சை எழுத்துக் கணக்கு

உங்கள் கணவருக்கான பதில் நீங்கள் இணைத்திருக்கும் பில்லிலேயே இருக்கிறது. கீழே பச்சையில் ‘நீங்கள் சேமித்தது 331 ரூபாய்’. சரி, மேலே போவோம். பருப்பு, எண்ணெய், சலவைத்தூள், ரவை என்று உங்களுக்குத் தேவையானது ஆப் விலையில் 960. கூப்பனோ 1,299க்கு மேல் வாங்கினால் 150 தள்ளுபடி. அந்த இடைவெளியை அடைக்க மயோனைஸ், ஃப்ரோசன் ஃபிரைஸ், டப்பா காபி என்று 345க்கு ஏற்றியிருக்கிறீர்கள். மொத்தம் 1,305, கூப்பன் போக 1,155. அதோடு ஹேண்ட்லிங் 12, டெலிவரி பையனுக்கு டிப்ஸ் 20, நன்கொடை 2 சேர்ந்து 1,189 கட்டியிருக்கிறீர்கள். கூப்பனே இல்லாமல் தேவையானதை மட்டும் வாங்கியிருந்தால் ஹேண்ட்லிங் சேர்த்து 972 ரூபாயில் முடிந்திருக்கும். 217 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததற்குப் பெயர் அங்கே 331 ரூபாய் சேமிப்பு.

அந்த 331 எப்படி வந்தது? கூப்பன் 150 போக மீதி 181 எம்.ஆர்.பி.க்கும் ஆப் விலைக்கும் உள்ள வித்தியாசம். எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு, கம்பெனியே போடுவது. யாருமே அந்த விலைக்கு விற்காத பொருளுக்கு அதிலிருந்து 40 சதவீதம் தள்ளுபடி என்று காட்டுவதில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. உங்கள் தெரு மளிகைக்கடையில் அதே பருப்பு என்ன விலை என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அந்த டிப்ஸும் நன்கொடையும் நீங்கள் டிக் செய்தவை இல்லை, தானாகவே டிக் ஆகி வந்தவை என்கிறீர்கள். நன்கொடை போன்றவற்றை உங்களைக் கேட்காமல் கூடையில் சேர்ப்பதை 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டுதல் தடைசெய்திருக்கிறது. வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் இப்படியான 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘இன்னும் 4 நிமிடமே’ என்று பொய்யாக ஓடும் கடிகாரம், கடைசித் திரையில் மட்டும் முளைக்கும் கட்டணம், சேருவது எளிது விலகுவது கஷ்டம் என்ற மெம்பர்ஷிப் எல்லாம் அதில் அடக்கம். 1915இல் புகார் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணவருக்கும் ஒரு வார்த்தை. இரவு பதினொரு மணிக்கு அதே ஆப்பில் சிப்ஸும் கோலாவும் ஆர்டர் போடுவது அவர்தான் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கும் மாத மளிகையில்தான் விழுகிறது. கண்ணில் காட்டும்போது அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கூப்பன் இல்லாமல் எங்கே குறையும்

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சடித்திருக்கும். நுகர்வோருக்குச் சமீப வருடங்களில் கிடைத்த உருப்படியான விஷயம் இதுதான், பார்ப்பவர்கள்தான் குறைவு. முன்பெல்லாம் எண்ணெய், பிஸ்கட், பருப்பு போன்றவற்றுக்கு இந்த எடைகளில்தான் விற்க வேண்டும் என்று அளவு இருந்தது. இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே இருக்கும் எண்ணெய் பாக்கெட்டில் 800 மில்லிதான் இருக்கும், சிலதில் லிட்டருக்குப் பதில் கிராம் போட்டிருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் எடை. இது தெரியாமல் 850 கிராம் பாக்கெட்டை ‘பத்து ரூபாய் குறைவு’ என்று எடுத்தால் நஷ்டமாகலாம். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நீங்கள் எழுதியிருப்பதும் எப்போதும் சரியில்லை. ஷாம்பூவில் சாஷே பாட்டிலைவிட மலிவாக வருவது நம் நாட்டில் சகஜம்.

அரிசி விஷயத்தில் ஒன்று கவனித்திருப்பீர்கள், கடைகளில் 25 கிலோ மூட்டைக்குப் பதில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேல் எடை என்றால் இல்லை. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் 5 கிலோ பை பையாக ஆப்பில் வாங்குவது எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு யஷ்வந்த்பூர் ஏ.பி.எம்.சி. யார்டு என்ற மொத்தச் சந்தை எட்டிப்பிடிக்கும் தூரம். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மாதம் ஒருமுறை போய் பருப்பு, புளி, மிளகாய், அரிசி எடுத்தால் ஆட்டோ கூலி போகவும் மிஞ்சும். துவரம்பருப்பை இரண்டு மூன்று கடையில் கையில் அள்ளிப் பார்த்துத்தான் வாங்குங்கள், ரகத்துக்கு ரகம் விலை மாறும். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை, அது இல்லாமல் நாளை புகார் நிற்பது கஷ்டம். காய்கறிக்கு ஹாப்காம்ஸ் என்ற விவசாயிகள் கூட்டுறவுக் கடையில் அன்றைய விலையைப் பலகையில் போட்டிருப்பார்கள். வாங்காவிட்டாலும் பார்த்துக்கொண்டு போனால் தள்ளுவண்டியில் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

குளியல் சோப்புக் கட்டி, ஷாம்பூ, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துக் காட்டி அதைத் தள்ளுபடி என்றால் நம்பாதீர்கள்.

பாதி விலையில் வருகிறதே என்று டஜன் கணக்கில் நூடுல்ஸும் சாஸும் வாங்கி வைத்திருக்கிறீர்களே, தேதியைப் பார்த்தீர்களா? ஆன்லைனில் விற்கும் உணவுப் பொருள் வீட்டுக்கு வரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதைவிடக் குறைவாக இருந்தால் வாசலிலேயே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ‘1,499க்கு வாங்கினால் சர்க்கரை ஒரு கிலோ 9 ரூபாய்’ என்று பலகை வைத்துவிட்டு, பில் போடும்போது ஸ்டாக் இல்லை என்றார்களே, அது வெறும் எரிச்சல் மட்டும் இல்லை. சரக்கே போதுமான அளவு வைக்காமல் சலுகை விளம்பரம் செய்வதை 2022ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டுதல்கள் அனுமதிப்பதில்லை. அடுத்த தடவை பலகையைப் படம் எடுங்கள், ‘ஸ்டாக் இல்லை’ என்பதை பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள், பெரும்பாலும் சர்க்கரை வந்துவிடும். பைக்கு 12 ரூபாய் வாங்கியதும் அப்படித்தான். முன்கூட்டியே தெரியும்படி சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் பிக் பஜார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் 12 ரூபாய்க்கு வாக்குவாதம் செய்வதைவிட மஞ்சப்பை கொண்டுபோவது சுலபம்.

ரேஷன் கார்டு

மாமியாரின் கார்டு தமிழ்நாட்டுக் கார்டு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்றால் எந்தக் கார்டுக்கும் எங்கும் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், அப்படி இல்லை. கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது அந்தியோதயா (மிக ஏழைக் குடும்பம்) என்று குறியீடு இருந்தால், பெங்களூரு ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து மத்திய அரசின் பங்கான தானியத்தை வாங்கலாம். தமிழ்நாடு தரும் பருப்பு, பாமாயில், சர்க்கரை இங்கே வராது. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் அந்தத் தானியமும் கிடையாது, அந்த அரிசி ஊரில் மட்டும்தான். மாதாமாதம் அதற்காகவே அவரைத் திருப்பத்தூருக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். போகவர ஆகும் செலவை வாங்கிவரும் அரிசி, பருப்பின் விலையோடு வைத்துப் பாருங்கள். அங்கே மகளையும் பார்த்துவிட்டு வருகிறார் என்றால் கணக்கெல்லாம் வேண்டாம், போய் வரட்டும்.